கோடிக்கு முன் ஒரு கேள்வி

"தப்பை நிறுத்தச் சொல்லு," என்றார் முருகையன்.

வேப்பந்தட்டையில் தெருமுனையில் வேன் நின்றிருந்தது. விக்கிரமங்கலத்திலிருந்து வந்த இருபது பேரும் இறங்கி, வெயிலில் அவருக்குப் பின்னால் நின்றார்கள். அவர் மனைவி செங்கமலத்தின் கையில் தாம்பாளம். அதில் சிவப்புக் கோடிச் சேலை, மஞ்சள், குங்குமம், ஒரு பந்து மல்லிகை. முருகையனின் தங்கை லீலாவதி, கணவன் இருக்கும்போதே போய்விட்டவள் என்பதால் பூவும் பொட்டுமாகத்தான் அவளை அனுப்பவேண்டும்.

தப்பு மேளம் நின்றது. ஆறு வீடு தள்ளிப் போட்டிருந்த பந்தலிலிருந்து அழுகுரல் மட்டும் கேட்டது.

பெண்ணைக் கொடுத்த வீட்டின் கோடி மேலே விழாமல் பிணத்தைப் பாடையில் ஏற்ற முடியாது. அவள் சாவில் ஏதாவது கேட்கவேண்டியிருந்தால் கோடி தெருவுக்குள் நுழைவதற்கு முன் கேட்டுவிட வேண்டும். முருகையன் பத்து வயதில் இதை நேரில் பார்த்திருக்கிறார். அத்தை சாவுக்கு அவருடைய அப்பா இதேபோலத் தெருமுனையில் நின்று கேட்டார். பதில் வர மாலையாயிற்று. அதுவரை அப்பா உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை.

இப்போது முருகையனுக்கு அறுபத்தாறு. முதுகு இன்னும் வளையவில்லை.

லீலாவதியின் கணவர் ராஜதுரை இடுப்பில் துண்டோடு வெறுங்காலில் நடந்து வந்தார். சாவு வீட்டில் 'வாங்க' என்று சொல்வதில்லை. அவர் இரண்டு கைகளையும் நீட்டினார்.

முருகையன் அந்தக் கைகளைத் தொடவில்லை.

"என் தங்கச்சி எப்படிச் செத்தா மாப்ள?"

நீட்டிய கைகள் சிறிது நேரம் அப்படியே நின்று, கீழே இறங்கின.

"ஹார்ட்டு மச்சான். போன்லயே சொன்னேனே."

"சுகரு கெடையாது. பிரஷர் கெடையாது. வெங்காயக் காட்டுல ஆம்பளைக்குச் சமமா நின்னவ. அம்பது வயசு முடியல. ஹார்ட்டு எங்கேர்ந்து வந்துச்சு?"



முருகையனின் பங்காளி கண்ணையன் முன்னால் வந்தான். கூட்டத்தில் குரல் கொடுப்பதற்கென்றே பிறந்தவன். "அஞ்சு வாரமா காய்ச்சலாம்ல? பொறந்த வூட்டுக்கு ஒரு போன் போட முடியல. செத்தப்புறம் மட்டும் கரெக்டா நம்பர் ஞாபகம் வருது."

"இப்படி ஆவும்னு தெரியலைங்க."

"எப்படி ஆவும்னு?"

அந்தத் தெருப் பெரியவர் ஒருவர் குறுக்கே வந்தார். "வெயில் ஏறுதுங்க. பெட்டியில வச்சிருக்கு. உள்ள வந்து உக்காந்து பேசுங்களேன்."

"இருபத்தெட்டு வருசம் இந்தத் தெருவுல இருந்தா," என்றார் முருகையன். "இன்னும் ஒரு மணி நேரம் இருப்பா. எனக்குப் பதில் வேணும். சபையில வேணும்."

பந்தலிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். லீலாவதியின் மகள் மேகலா. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் போட்டிருந்த அதே சுடிதார். கையில் ஸ்கேன் சென்டரின் பெரிய பிளாஸ்டிக் பை. அழுது முடித்த முகம். மாமனுக்கு முன்னால் வந்து அவருடைய முதுகைப் போலவே முதுகை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் சொல்றேன் மாமா. அம்மா ஈறு நோயில செத்தாங்க."

யாருக்கும் விளங்கவில்லை.

"என்னது?"

"ஈறு. பல்லு ஈறு."

கண்ணையன் தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "கேட்டுக்கங்க. பல்லு வலியில செத்துட்டாளாம். எங்க ஊர்ல பாதிப் பேருக்குப் பல்லே கெடையாது. அத்தனை பேரும் குத்துக்கல்லாட்டம் திரியுறான்."

"சிரிக்காதீங்க சின்ன மாமா. அந்த டாக்டர் சிரிக்கல." மேகலா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அம்மாவுக்குப் பல வருசமா ஈறுல சீழும் ரத்தமுமா இருந்திருக்கு. அந்தக் கிருமி ரத்தத்துல கலந்து, ஹார்ட்டுக்குள்ள வால்வுன்னு ஒண்ணு இருக்கு, கதவு மாதிரி, அதுல போய் ஒட்டிக்கிடுச்சு. எல்லாருக்கும் அப்படி ஆவாதாம். அம்மாவுக்கு அந்த வால்வுல ஏற்கெனவே ஒரு பழுது இருந்திருக்கு. அது அவங்களுக்கே தெரியாது. பழுதான எடத்துல கிருமி சுலபமா உக்காந்துக்குமாம்."

"காய்ச்சல்னுதானே சொன்னாங்க?" என்றார் முருகையன்.

"காய்ச்சலாத்தான் வந்துச்சு. இங்க ஊசி போட்டா ரெண்டு நாளைக்கு நிக்கும், மறுபடி வரும். உடம்பு இளைச்சுக்கிட்டே போச்சு. அஞ்சாவது வாரம் படுக்க முடியல, மூச்சு முட்டுது. திருச்சிக்குத் தூக்கிட்டுப் போனப்ப வால்வு கிழிஞ்சு போயிருந்துச்சு. ஆபரேஷன் பண்ற நெலமையில ஒடம்பு இல்லன்னுட்டாங்க."

அவள் நிறுத்தினாள். பிறகு தெருவைப் பார்க்காமல் முருகையனை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"டாக்டர் மொதல்ல என்ன சொன்னாரு தெரியுமா மாமா? 'வாயைத் தொறம்மா'ன்னாரு. அம்மா தொறக்கல. கையால மூடிக்கிட்டாங்க. ஆக்ஸிஜன் மாஸ்க் மாட்டுனதுக்கப்புறம் மாஸ்க் மேல கையை வச்சுக்கிட்டாங்க. நர்ஸம்மா எடுத்து எடுத்து விடுறாங்க. நெனப்பு தப்புற வரைக்கும் கை அங்கயேதான் போச்சு."

ஊருக்கெல்லாம் அந்தக் கை தெரியும். வலது உள்ளங்கையை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொண்டுதான் லீலாவதி பேசுவாள், சிரிப்பாள். பல் தெரியச் சிரிக்காத மருமகள் என்று அவள் மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். விக்கிரமங்கலத்துப் பெண் என்றால் அப்படித்தான் என்று முருகையனே பல கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறார்.

கண்ணையன் விடவில்லை. இப்போது அவனுக்கு நல்ல பிடி கிடைத்திருந்தது. "சரி, பல்லுன்னே வச்சுக்குவோம். கட்டுனவன் என்ன பண்ணிக்கிட்டிருந்தான்? பொண்டாட்டி வாயி ரத்தமா கெடக்குறது தெரியாமத்தான் குடும்பம் நடத்துனானா?"

தெருவில் நின்றவர்கள் ராஜதுரையைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

"என் தப்புத்தான்," என்றார்.

"இல்ல," என்றாள் மேகலா. "அப்பா தப்பு இல்ல. எட்டு வருசத்துக்கு முன்னாடியே பெரம்பலூர்ல பல்லு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டாரு. அம்மாதான், ஒருத்தங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன்னு போனாங்க. அவங்க வேணாம்னு சொல்லிட்டாங்களாம். திரும்பி வந்து, எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னவங்கதான். அதுக்கப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் வரல."

"யாரு வேணாம்னது?" என்றான் கண்ணையன். "யாருன்னு சொல்லு. அவனையும் ரெண்டு கேக்குறேன்."

மேகலா வாயைத் திறந்தாள்.

"மேகலா," என்றார் ராஜதுரை. "போதும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ராஜதுரை மறுபடி முன்னால் வந்தார். "மச்சான், நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். சபையில ஒத்துக்கறேன். எந்த அபராதம்னாலும் சரி. கோடியைப் போடுங்க. அவ காத்துக்கிட்டிருக்கா."

"ஒத்துக்கிட்டான் பாருண்ணே," என்று கண்ணையன் முருகையனின் காதருகே சொன்னான். "ஜெயிச்சாச்சு. வா."

முருகையன் நகரவில்லை.

எட்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசிப் பௌர்ணமி. கங்கைகொண்ட சோழபுரத்தில் அன்னாபிஷேகம். கோயிலுக்கு வெளியே, புல்தரையில், வாழையிலைத் துண்டில் வாங்கிய பிரசாதத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் சாப்பிட்டார்கள். லீலாவதி சோற்றைப் பிசைந்து பிசைந்து ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். கையை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, கீழ்ப்பல்லு ரெண்டும் ஆடுதுண்ணே. தூங்கி எந்திரிச்சா தலகாணியில ரத்தமா இருக்கு. பெரம்பலூருக்கு வான்னு அவரு கூப்புடுறாரு. போவட்டுமா?"

அவர் யோசிக்கக்கூட இல்லை. "பல்லுல கையை வச்சா கண்ணு போயிடும். சுத்தம் பண்றேன்னு சொரண்டி நல்ல பல்லையும் ஆட்டி விட்டுடுவானுவ. நம்ம தாத்தா எண்பது வயசுல கரும்பு கடிச்சாரு. நம்ம வம்சத்துல எவனும் பல்லு டாக்டர் வாசப்படி மிதிச்சதில்ல. கிராம்பை வச்சு அடக்கு. புருசன் வூட்டுல நோவு நோவுன்னு சொல்லிக்கிட்டுத் திரியாத. சீக்குக்காரியைத் தள்ளி விட்டுட்டோம்னு பேச்சு வரும்."

"சரிண்ணே," என்றாள். அதோடு சரி. அண்ணன் பேச்சை ஒருநாளும் தாண்டியதில்லை.

அதற்கும் முந்தியது ஒன்று உண்டு. அப்பா போனபின் அவளை வளர்த்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். பெண் பார்க்க வேப்பந்தட்டையிலிருந்து வரப்போகிறார்கள் என்ற வாரம், பம்புசெட்டருகே அவள் வேப்பங்குச்சியைக் கடித்துத் துப்பியதைப் பார்த்தார். வாய்க்கால் தண்ணீரில் சிவப்பாக ஓடியது. கிட்டே போனபோது வாடையும் தெரிந்தது. அன்றைக்குத்தான் சொல்லிக் கொடுத்தார். "அவங்க முன்னாடி பேசுனா இப்படிக் கையை வச்சுக்கிட்டுப் பேசு." தன் கையையே வாய்க்குக் குறுக்கே வைத்துக் காட்டினார்.

இருபத்தெட்டு வருடமாக அந்தக் கை அங்கேயே இருந்தது. ஆக்ஸிஜன் மாஸ்க்குக்கு மேலேயும்.

வேண்டாம் என்றது யார் என்று ராஜதுரைக்குத் தெரியும். மேகலாவுக்குத் தெரியும். தெருவே பார்க்க, பெண்டாட்டி வாயைக் கவனிக்காதவன் என்ற பெயரை அந்த மனிதன் தன் தலையில் போட்டுக்கொண்டு, மச்சானுக்கு வழிவிட்டு நிற்கிறான். இந்த வழியாகப் போய்விடலாம். கோடியைப் போட்டுவிட்டு, நிமிர்ந்த தலையோடு வேனில் ஏறிவிடலாம். விக்கிரமங்கலத்தார் கேள்வி கேட்டு வென்றார்கள் என்று ஊர் பேசும்.

அப்பா சாயங்காலம்வரை நின்றது பதிலுக்காக. பதில் எந்தப் பக்கமிருந்து வரவேண்டும் என்று அவர் சொல்லி வைக்கவில்லை.

"கண்ணையா, தள்ளி நில்லு," என்றார் முருகையன்.

தோளில் கிடந்த துண்டைச் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தணிக்கவில்லை. பந்தல்வரை கேட்கும்படிதான் பேசினார்.

"கேள்வி கேட்டவன் நான். பதிலும் நானே சொல்றேன். லீலாவதி வந்து கேட்டது என்கிட்ட. வேணாம்னு சொன்னவன் நான். மாப்ள மேல எந்தக் குத்தமும் கெடையாது."

"அண்ணே!" என்றான் கண்ணையன்.

"கையை வச்சுப் பேசுன்னு சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடி. அடக்கம் அடக்கம்னு நீங்கள்லாம் மெச்சுனீங்க. நானும் வாங்கிக்கிட்டேன். அது அடக்கம் இல்ல. வாயில சீக்கு. வெளியில தெரியக் கூடாதுன்னு நான் போட்ட மூடி."

"பொது எடத்துல இதையெல்லாம் எதுக்குண்ணே? நம்ம குடும்ப மானம்..."

"பொது எடத்துலதானே கேட்டேன்? மானத்துக்காகத்தான்டா சொல்றேன். அடுத்தவன் தலையில பழியைப் போட்டுட்டுக் கோடி போட்ட வம்சம்னு பேரு வாங்கச் சொல்றியா?"

எங்கேயோ ஒரு பைக் வந்து, கூட்டத்தைப் பார்த்து, எஞ்சினை அணைத்தது.

முருகையன் ராஜதுரையிடம் போய்த் தன் இரண்டு கைகளையும் நீட்டினார். ராஜதுரை அவற்றைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அவர் உடம்பு குலுங்கியது. முருகையன் அழவில்லை. பிடித்த கையையும் விடவில்லை.

"தப்பை அடிக்கச் சொல்லு," என்றார்.

கோடி உள்ளே போயிற்று.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து செங்கமலமும் பெண்களும் சிவப்புச் சேலையை மேலே போர்த்தினார்கள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார்கள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. வாய் இறுக மூடியிருந்தது. முருகையன் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வலது கை விறைத்து, நெஞ்சின்மேல் கிடந்தது. முதல் முறையாக, கூட்டத்துக்கு நடுவில், அது வாய்க்குப் போகவில்லை.

"மாமா, கொஞ்சம் இப்படி வாங்க." மேகலா கூப்பிட்டாள். பந்தல் ஓரத்தில் ராஜதுரையின் தம்பி சரத்குமார் போனை வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தான்.

"ஃபிளெக்ஸ் கடையிலேர்ந்து பத்து தடவை கூப்டுட்டாங்க. அண்ணி போட்டோ ஒண்ணு கெடைக்கல. கல்யாண ஆல்பத்துலேர்ந்து மேகலா சீர் வரைக்கும் பார்த்துட்டேன். எல்லாத்துலயும் கை. ஆதார் கார்டுல இருக்கிறதைப் போடலாம்னா அது யாரோ மாதிரி இருக்கு."

"ஒண்ணு இருக்கு," என்றாள் மேகலா. தன் போனை மாமனிடம் நீட்டினாள்.

சின்ன வெங்காயம் பிடுங்கும் நாள். லீலாவதி காட்டுக்கு நடுவில் நிற்கிறாள். இரண்டு கையிலும் தாளோடு பிடித்த வெங்காயக் கொத்துகள். மூடுவதற்குக் கை இல்லை. எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறாள். கீழே ஒரு பல் இல்லை. பக்கத்துப் பல் சாய்ந்திருக்கிறது. ஈறு வீங்கிச் சிவந்து, பல்லைவிட்டு இறங்கியிருக்கிறது. கண்கள் சிரிப்பில் சிறுத்துப் போயிருக்கின்றன. தங்கைக்குச் சிரிக்கும்போது கன்னத்தில் குழி விழும் என்பது அவருக்கு மறந்து போயிருந்தது.

ராஜதுரை எட்டிப் பார்த்தார். "வேணாம். பல்லு தெரியுது. நாலு பேரு பார்ப்பாங்க."

"எடிட் பண்ணச் சொன்னா பல்லை வெள்ளையாக்கிக் கொடுத்துடுவாங்கண்ணே," என்றான் சரத்குமார்.

"எதையும் தொடாத," என்றார் முருகையன். "இப்படியே போடு. பெருசா போடு. விக்கிரமங்கலத்துக்கும் ஒண்ணு அடிக்கச் சொல்லு. பஸ் ஸ்டாப்புல கட்டணும்."

"சரிங்க. 'இயற்கை எய்தினார்'னு போட்டுடவா?"

"எது இயற்கை? 'ஈறு நோயைக் கவனிக்காமல் விட்டதால் இறந்தார்'னு போடு."

சரத்குமார் அண்ணனைப் பார்த்தான். ராஜதுரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, மெதுவாகத் தலையாட்டினார்.

"கீழ பேரு?"

"அண்ணன் முருகையன், விக்கிரமங்கலம்."

சரத்குமார் டைப் அடிக்கத் தொடங்கினான். முருகையன் மேகலாவின் பக்கம் திரும்பினார். நிறைய கேட்கவேண்டியிருந்தது. ஒன்றுதான் வந்தது.

"நீ பார்த்துக்கிட்டியா? உன் வாயை?"

"போன வருசமே பார்த்துட்டேன் மாமா. சுத்தம் பண்ணி விட்டாங்க. கண்ணும் போவல, பல்லும் ஆடல." பல் தெரியச் சொன்னாள். அதில் இருந்த அவள் கோபத்தை அவர் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தாங்கிக்கொண்டார்.

நான்காம் நாள் காலையில் விக்கிரமங்கலம் பஸ் ஸ்டாப்பில் முருகையன் வெள்ளை வேட்டியோடு நின்றிருந்தார். அரியலூர் போகும் பஸ் எட்டேகாலுக்கு. பக்கத்தில் செங்கமலம் மஞ்சள் பையோடு. பதினோரு மணிக்கு அங்கே ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் போட்டிருந்தது. அவர் காலையில் வாய் கொப்பளிக்கும் தண்ணீர் பல காலமாகச் சிவப்பாகத்தான் வருகிறது. அதைச் செங்கமலம் முந்தாநாள்தான் சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

எதிரே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் லீலாவதி சிரித்துக்கொண்டிருந்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் படிப்பதும், திரும்பி இவரைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். மூன்று நாளாகப் பேசாமல் இருந்த கண்ணையன் டீ கிளாஸோடு வந்தான்.

"அதை அவுத்துடுண்ணே. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். நல்லா வாயைத் தொறந்து சிரிக்கட்டும்."

கண்ணையன் டீயை முடிக்காமலேயே திரும்பிப் போனான்.

சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிய லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அந்தக் காற்றில் ஃபிளெக்ஸின் கீழ்மூலைக் கயிறு அவிழ்ந்தது. மூலை மேலே எழும்பி மடங்கி, படத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு படபடத்தது.

முருகையன் ரோட்டைக் கடந்தார். எம்பி அந்த மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தார். கயிற்றைக் கம்பத்தில் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"பஸ்ஸு வருது பாருங்க!" என்று செங்கமலம் கத்தினாள்.

பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "பெரியவரே, வரீங்களா இல்லையா?" என்றார்.

முருகையன் முடிச்சை இழுத்துப் பார்த்தார். அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டார்.